‘இல்லை’ என்பதைக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது? கேள்வி பதில்

கேள்வி (ஒன்பது மாதக் குழந்தையின் அம்மா): கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால் முன்பு பேசாமல் இருப்பான். இப்போது துணியை இழுக்கிறான். ‘இல்லை’ புரிய ஆரம்பித்துவிட்டதா?

பதில்: அவனுக்குப் புரிந்தது ‘இருக்கிறது, ஆனால் தெரியவில்லை’ என்பது. சுமார் எட்டு மாதத்தில் இப்படித் தேடத் தொடங்குவதைக் குழந்தை உளவியலாளர் பியாஜே பதிவுசெய்தார். முதலில் பொருளைப் பாதி வெளியே தெரியும்படி மூடுங்கள், பிறகு முழுதாக. இரண்டு மூன்று நொடிக்கு மேல் காக்க வைக்க வேண்டாம்.

கேள்வி (இரண்டு வயதுப் பெண்ணின் அப்பா): பிஸ்கட் கேட்டு அழும்போது ‘இல்லை, காக்கா தூக்கிட்டுப் போச்சு’ என்கிறோம். தப்பா?

பதில்: டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருப்பதை இல்லை என்றால் அந்தச் சொல்லே குழம்பிப்போகும். தமிழில் இல்லை, வேண்டாம், மாட்டேன், கூடாது என்று தனித்தனியாக இருக்கின்றன; அந்த வசதியை நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ‘இப்போ கூடாது, சாதம் சாப்பிட்டதும் ஒண்ணு’ என்று சொல்லுங்கள். நிஜமாகவே தீர்ந்திருந்தால் டப்பாவைத் திறந்து காட்டி, ‘டப்பாவில் பிஸ்கட் இல்லை’ என்று எது, எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி (எல்.கே.ஜி. ஆசிரியை): 0 எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். எது சின்ன எண் என்றால் 1 என்கிறார்கள்.

பதில்: வழக்கமானதுதான். முதலில் பெயர் தெரியும், அடுத்து ‘ஒன்றுமில்லை’ என்ற பொருள், கடைசியில்தான் அது 1-ஐவிடச் சின்னது என்பது. பெரியவர்களுக்கே அது தானாகத் தோன்றியதில்லை: பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ இருந்தன, சுழியே தேவைப்படவில்லை.

ஒரே மாதிரி ஆறு கிண்ணங்கள், 15 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (மூன்று வயதுக்குக் கீழே கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.) முதல் கிண்ணத்தில் 5, அடுத்ததில் 4 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆறாவது கிண்ணம் காலி. ‘இதில் எத்தனை?’ என்று கேளுங்கள். ‘ஒண்ணுமில்லை’ என்று குழந்தை தானாகச் சொன்ன பிறகுதான் 0 அட்டையை அங்கே வைக்க வேண்டும். காலிக் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தால் பலன் இல்லை. இருந்து குறைந்ததைப் பார்த்தால்தான் காலியாக இருப்பதைக் கவனிப்பார்கள். அந்தக் கிண்ணத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடவும் கூடாது. வரிசையில் அதற்கு இடம் இருந்தால்தான் 0 ஓர் எண்.

மாண்டிசோரி வகுப்பின் கதிர்ப்பெட்டியும் இதே வழிதான்: 0 முதல் 9 வரை பத்து அறைகள், சரியாக 45 குச்சிகள். எங்காவது எண்ணிக்கை தவறினால் கடைசி அறையில் தெரிந்துவிடும், நீங்கள் திருத்த வேண்டியதில்லை. முடிந்ததும் ‘மூணு தடவை கை தட்டு, பூஜ்யம் தடவை கை தட்டு’ என்று விளையாடுங்கள். முதலில் ஒருமுறையாவது தட்டிவிடுவார்கள். கை அசையாமல் நின்றால் பிடிபட்டுவிட்டது.

கேள்வி (நான்கு வயதுப் பையனின் அம்மா): அவன் அப்பா துபாயில் வேலை செய்கிறார். தினமும் ‘எப்ப வருவார்’ என்கிறான். ‘நாளைக்கு’ என்று சமாளிக்கிறேன்.

பதில்: நாளை வந்து, அப்பா வராவிட்டால் ‘நாளை’ பொய்யாகிவிடும். ‘இங்கே இல்லை, துபாயில் இருக்கிறார்’ என்று இரண்டு பாதியையும் சொல்லுங்கள். மாதக் கணக்கு அவனுக்கு எட்டாது; ‘பொங்கல் முடிந்து’ என்பது எட்டும். காகிதச் சங்கிலி செய்து தினம் ஒரு கண்ணி கிழிப்பதைக் கடைசி இருபது நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நீளமானால் சலித்துவிடும். போன் பேசும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே ஆறரை.

கேள்வி (ஒரு பாட்டி): என் வீட்டுக்காரர் போய் ஒரு மாசம். பேத்திக்கு நாலு வயசு. ‘சாமிகிட்ட போயிருக்கார்’ என்றோம், ‘எப்ப திரும்புவார்’ என்கிறாள்.

பதில்: போனவர் திரும்புவார் என்றுதானே அவளுக்குத் தெரியும், அம்மா! ‘தூங்கிட்டார்’ என்றால் படுக்கவே பயப்படுவாள். ‘தவறிட்டார்’ என்றால் என்ன தப்பு செய்தார் என்பாள். ‘தாத்தா செத்துப்போயிட்டார். உடம்பு வேலை செய்யுறது நின்னுபோச்சு. மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை. திரும்பி வரமாட்டார்’ என்று சொல்லுங்கள். உங்கள் நம்பிக்கையை அதற்குப் பிறகு சேர்க்கலாம். திரும்பி வரமாட்டார் என்பது பல குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் உறைக்கும், அதுவரை அதே கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரும். அவர் உட்கார்ந்த நாற்காலியை உடனே அப்புறப்படுத்த வேண்டாம்.