வினைல் பொம்மை பிசுபிசுக்கிறது: கழுவலாமா, கூடாதா?

கேள்வி: சிங்கப்பூரில் 12 ஆண்டுகளாகச் சேர்த்த வினைல் பொம்மைகளில் பாதியைச் சென்ற ஆண்டு திருச்சி வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தேன். இந்தக் கோடையில் திறந்தபோது தொட்டாலே கையில் ஒட்டுகின்றன. ஈரப்பதம் என்று எண்ணி சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டும் பயனில்லை. ஒரு பொம்மை முன்பக்கம் சாய்ந்துவிட்டது. நீலப் பொம்மையின் சாயம் பக்கத்தில் நின்ற வெள்ளைப் பொம்மையில் ஏறிவிட்டது. என்ன செய்வது? மீதியையும் கொண்டுவரலாமா?

பதில்: ஒட்டுவது வெளியிலிருந்து வந்த ஈரம் அல்ல, பொம்மைக்குள்ளிருந்து கசிவது. வினைல் என்று நாம் சொல்வது பிவிசி. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்க, பொம்மையின் கன்னம் மட்டும் அமுங்குகிறது என்றால், அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம் கலந்திருக்கிறது. அது பிவிசியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, இடையில் ஊறிக் கிடக்கிறது. சூடு ஏறினால் மெல்ல மேற்பரப்புக்கு வந்துவிடும். ஜியாமெட்ரி பாக்ஸைக் கோடை விடுமுறை முழுவதும் மூடி வைத்துவிட்டு ஜூனில் திறந்தால், ரப்பர் பிளாஸ்டிக் அளவுகோலை அரித்து அதோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்கும் இதே திரவம்தான் காரணம்.

ஆகவே சிலிக்கா ஜெல்லால் இங்கே வேலை இல்லை. பூட்டிய கண்ணாடி அலமாரி உண்மையில் கெடுதல் செய்தது: வெப்பமும் கசிந்த ஆவியும் உள்ளேயே தங்கிவிட்டன. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். டால்கம் பவுடர் தூவச் சொல்பவர்களும் உண்டு. பிசுபிசுப்பில் பவுடர் அப்பிக்கொண்டு முகம் சுண்ணாம்படித்த சுவர் போல ஆகும், அவ்வளவுதான்.

கழுவலாம். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உள்ளே கூடாக இருக்கும் பொம்மைகளில் கழுத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் புகும். தலை கழன்று வருமானால் கழற்றிக் காய வையுங்கள். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக்கூடாது. அழுக்குக்கு முன்னால் கண்ணும் வாயும் போய்விடும். லபுபு போல வினைல் முகமும் துணி ரோம உடலும் கொண்டவற்றை நனைக்காதீர்கள், முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். சில மாதங்களில் பிசுபிசுப்பு திரும்ப வரலாம். மறுபடி கழுவலாம், ஆனால் வாரந்தோறும் வேண்டாம். வெளியேறிய திரவம் உள்ளே திரும்பப் போகாது. நிறையப் போய்விட்டால் பொம்மை இறுகிச் சுருங்கும்.

சாய்ந்து போனதற்கு வருவோம். இந்தப் பொம்மைகளில் பல தாளில் பிறந்தவை. ஹாங்காங் கலைஞர் மைக்கேல் லாவ் அங்குள்ள இதழ் ஒன்றில் வரைந்த காமிக்ஸ் பாத்திரங்களை 1999-ல் பொம்மைகளாக்கிக் காட்சிக்கு வைத்தார். கலைஞர்கள் வடிவமைக்கும் இந்தச் சேகரிப்புப் பொம்மைக் கலையின் தொடக்கமாகப் பலரும் அதையே சொல்கிறார்கள். லபுபுவும் ஓவியர் காசிங் லுங் 2015-ல் தொடங்கிய படக்கதை வரிசையில் வந்த குறும்புப் பூதம்தான். தாளில் தலைக்குக் கனம் கிடையாது. பூசணிக்காய்த் தலையைத் தீக்குச்சிக் காலில் வரைந்தாலும் அது நிற்கும். அதையே வினைலில் வார்க்கும்போது அந்தக் கனம் முழுவதையும் மெல்லிய கணுக்கால் தாங்க வேண்டியிருக்கிறது. திருச்சி வெயிலில் இளகிய கணுக்கால் எத்தனை நாள் தாங்கும்?

இதைச் சரிசெய்ய முடியும் என்பது நல்ல செய்தி. திரவ வினைலை உலோக அச்சில் ஊற்றிச் சூடேற்றி வார்ப்பதால், மறுபடி சூடு பட்டால் பொம்மை பெரும்பாலும் அச்சில் இருந்த பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கை பொறுக்காத சூட்டில், கொதிக்காத நீரில், வளைந்த காலை மட்டும் அரை நிமிடம் பிடியுங்கள். இளகியதும் நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் அசையாமல் வைத்திருங்கள். அதே அலமாரியில் அதே சூட்டில் நிறுத்தினால் அடுத்த சித்திரையில் மறுபடி சாயும். இனி அதற்கு ஒரு தாங்கி கொடுங்கள். பிளாஸ்டிக் தாங்கியானால் இடையில் கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் ஒரு துண்டு வையுங்கள், ஒட்டாது.

சாயம் ஏறியது கடினமான விஷயம். அது மேலே படிந்த கறை அல்ல. வெள்ளை வினைலுக்குள் ஊறிவிட்டது. பொம்மைச் சேகரிப்பாளர்கள் பென்சாயில் பெராக்சைடு கலந்த முகப்பரு கிரீமைத் தடவி வெளுக்கச் செய்வதுண்டு. பலிக்கவும் செய்யும், சுற்றியுள்ள நிறத்தையும் சேர்த்துத் தின்னவும் செய்யும். விலை உயர்ந்த பொம்மையில் நான் செய்ய மாட்டேன். கறை பட்ட பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பி வைப்பேன்.

மீதியைக் கொண்டுவரலாம், இடத்தை முதலில் மாற்றினால். மொட்டை மாடிக்கு நேர்கீழ் உள்ள அறை வேண்டாம். ஜன்னல் வெயிலும் வேண்டாம். மஞ்சளித்த வினைலை வெள்ளையாக்க நம்பத்தக்க வழி இல்லை. கீழ்த்தளத்தில் காற்று ஓடும் உள்ளறை நல்லது. அலமாரியில் காற்றுக்கு இடுக்கு விடுங்கள், விளக்கு போட்டால் வெப்பம் உமிழாததாகப் பாருங்கள், பொம்மைகளை ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்துங்கள். பேர்பிரிக் என்ற கரடி வடிவப் பொம்மைகள் இருந்தால் அவற்றை முதலில் கொண்டுவாருங்கள். வழக்கமான அளவுகளில் அவை ஏபிஎஸ் என்ற கடின பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளிக்குமே தவிர பிசுபிசுக்காது.

கட்டும்போது குமிழித்தாளை நேராகச் சுற்றாதீர்கள், சூட்டில் குமிழித் தடம் முகத்தில் பதிந்துவிடும். முதலில் வெள்ளைப் பருத்தித் துணி, அதன்மேல் குமிழித்தாள். வீடு வந்ததும் அன்றே பிரித்துவிடுங்கள்.