ஐடிஐ ஃபிட்டர் பி.இ. வரை போகலாம், அப்ரண்டிஸைப் பாதியில் விடாமல் இருந்தால்

அம்மா, போன வாரம் எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அப்போ ஐடிஐயோட என் பையன் படிப்பு முடிஞ்சுபோச்சா சார்?" அன்று கூட்டம் இருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முடியவில்லை. உங்கள் பையன், நம்ம தம்பி, பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) இரண்டு ஆண்டு ஃபிட்டர் ட்ரேடு (இயந்திர பாகங்களைச் செய்து பொருத்தும் தொழில்) படித்துத் தேறி, இப்போது ஆலையில் ஓராண்டு அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) இருக்கிறான். தமிழ்நாட்டில் அந்தத் தகுதிக்கு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அதாவது முதலாம் ஆண்டு படிக்காமலே இரண்டாம் ஆண்டில் சேரும் வழி, உண்டு. மெக்கானிக்கல் எடுத்தால் இரண்டே வருடத்தில் டிப்ளமா. அதை முடித்தவர்களுக்கு பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. அதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் நடத்தி வருகிறது. அங்கிருந்து மூன்று ஆண்டில் பட்டம்.

கூட்டிப் பார்த்தால் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ இரண்டு, அப்ரண்டிஸ் ஒன்று, டிப்ளமா இரண்டு, பி.இ. மூன்று, ஆக எட்டு வருடம். பிளஸ் டூ வழியாகப் போகிறவனுக்கு ஆறு. இந்த இரண்டு வருடம் உங்களை உறுத்தும் என்று தெரியும். ஆனால் தம்பி அதில் ஒரு வருடம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்கிறான். ட்ராயிங் பார்த்து வேலை செய்கிறான், மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கிறான். ஒரு பாகத்தின் அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்று சொல்லும் 'லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ்' பாடம் வரும்போது மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள். இவனுக்கு அது கை பழகிய வேலை.

உங்கள் அண்ணன் சொன்னதையும் எடுத்துக்கொள்கிறேன். "அப்ரண்டிஸை விட்டுட்டு ஏதாவது ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்த்து விடு" என்கிறார். முதலில், அதற்கு பிளஸ் டூ தகுதி வேண்டும். ஐடிஐ முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறி இணைச் சான்று வாங்கும் வழி இருக்கிறது, சரி. ஆனால் ஐந்து மாதம் செய்த அப்ரண்டிஸ் வீணாகிவிடும். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவன் ஒப்பந்தம் போட்டிருக்கிறான். காலத்தை முழுதாக முடித்து, தேர்வும் எழுதித் தேறினால்தான் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். பாதிச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. ரயில்வேயின் லெவல் 1 (ஆரம்ப நிலை) பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வே நிறுவனங்களிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தம்பி இருப்பது தனியார் ஆலையில், அதனால் அந்த ஒதுக்கீடு அவனுக்கு வராது. ஆனாலும் ஆலைகளில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கிறார்கள். அவன் முடிக்கட்டும்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வெல்டர் படிப்பதாகச் சொன்னீர்கள். அது ஓராண்டு ட்ரேடு. நேரடி இரண்டாம் ஆண்டு அவளுக்குக் கிடைக்காது, முதலாம் ஆண்டிலிருந்துதான் சேர முடியும். இது தெரியாமல் விண்ணப்பித்து ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவளிடமும் சொல்லி வையுங்கள்.

டிப்ளமா முடித்ததும் வீட்டில் பணம் தேவைப்பட்டால் வேலைக்குப் போகட்டும், தவறே இல்லை. டிப்ளமாவோடு வேலை பார்ப்பவர்கள் மாலையில் படிக்கும் பி.இ. கோயம்புத்தூரில் நெடுங்காலமாக நடக்கிறது. ஆனால் "தபால்ல பி.இ., பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஏ.எம்.ஐ.இ. (பொறியாளர்கள் சங்கம் நடத்தும் தேர்வு) எழுதலாம் என்பார்கள். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை ஒன்றில்தான். கணக்கு.

பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டுப் பாடங்களில் பொறியியல் கணிதம் இருக்கிறது. நேரடி இரண்டாம் ஆண்டுக்காரன் அதைத் தாண்டிப் போய்விடுகிறான். பி.இ.யிலும் அதே கதை. முதலாண்டுக் கணிதம் படிக்காமல் மூன்றாம் பருவத்தில் உட்காருகிறான், அங்கே ஃபூரியர் தொடர் வந்து நிற்கிறது. கையில் அவ்வளவு திறமை இருந்தும் இங்கே அரியர் விழுந்து, கூச்சப்பட்டு, சொல்லாமல் நின்றுவிடுகிற பையன்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. படிப்பு வராததால் இல்லை, நடுவில் ஒரு படியை யாரும் கட்டிக் கொடுக்காததால்.

அந்தப் படியை அப்ரண்டிஸில் மீதமிருக்கும் இந்த ஏழு மாதத்தில் நீங்கள் கட்டிவிடலாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதமும் முக்கோணவியலும். அப்புறம் பதினோராம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியில் எல்லை, வகையீடு, தொகையீடு. பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், தூங்கட்டும். தெருவில் பிளஸ் டூ கணக்கு எடுக்கும் டீச்சர் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தேகம் கேட்க அனுப்புங்கள்.

பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கான விண்ணப்பம் பொதுவாக மே, ஜூன் மாதங்களில் வரும். அப்ரண்டிஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒப்பந்தத்தைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். கல்லூரி திறந்த பிறகு முடிவதாக இருந்தால் அடுத்த ஆண்டுதான் சேர வேண்டியிருக்கும், அதற்கேற்ப யோசிப்போம். அடுத்த முறை வரும்போது தம்பியையும் கூட்டி வாருங்கள் அம்மா. இவ்வளவு பேசியும் அவனுக்கு என்ன ஆசை என்று இன்னும் அவனிடம் நான் கேட்கவில்லை.