பாட்டிலில் 7, பேப்பரில் 4

கேள்வி: பல்லாவரத்தில் இருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு மகளுக்கு மழைமானி கிட் வாங்கிக் கொடுத்தேன். புனல் வாய் 12 செ.மீ., பாட்டில் அகலம் 9 செ.மீ. ஒருநாள் மழைக்கு 7 செ.மீ. காட்டியது. மீனம்பாக்கத்தில் 4 செ.மீ. என்று பேப்பரில் போட்டிருந்தது. எங்கே தப்பு?

பதில்: புனலில்தான். அகல வாயில் விழுந்த மழை ஒடுக்கமான பாட்டிலில் இறங்கினால் மட்டம் ஏறத்தானே செய்யும்? 12-ஐ 9-ஆல் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். 1.78 வரும். உங்கள் 7-ஐ அதால் வகுத்தால் 3.9. மகள் சரியாகத்தான் அளந்திருக்கிறாள்.

அகலப் புனல் வைப்பது குற்றமில்லை. அதற்கேற்றபடி கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். கிட் விற்கிறவர்கள் கையில் கிடைத்த புனலைச் செருகி, சாதாரண ஸ்கேலை அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். அட்டையில் வானிலை ஆய்வு மையத்தின் பெயரைப் போட்டிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். பள்ளியிலும் தெர்மாகோலுக்கும் ஜிகினாவுக்கும்தான் மார்க். அளவு சரியா என்று கேட்பாரில்லை. அப்புறம் கடைக்காரர் ஏன் மெனக்கெடுவார்?

காசு கொடுக்கவே வேண்டாம். இடுப்பு ஒடுங்காத 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை, கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மேல்துண்டை மூடியில்லாமல் கவிழ்த்துச் செருகி டேப் ஒட்டுங்கள். வாயும் பாட்டிலும் ஒரே அகலம், வகுத்தல் வேலை மிச்சம். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். ஸ்கேலின் நுனியை அல்ல, 0 என்ற கோட்டை அங்கே பொருத்துங்கள். நுனிக்கும் 0-க்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் உண்டு. தினமும் அளந்ததும் கொட்டிவிட்டுப் பூஜ்யம்வரை புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழுதான் வளரும்.

மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, செங்கற்களுக்கு நடுவே நிறுத்துங்கள்.

நேரமும் முக்கியம். பேப்பரில் வருவது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலான மழை. பள்ளிக்கு 8 மணிக்கே கிளம்புகிறாள் என்றால் அப்போதே அளக்கலாம், மழை விட்டிருந்தால் மட்டும். பெய்துகொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர் 8.30-க்குப் பார்த்துக் குறிக்கட்டும். 8.10-க்கு விட்டு 8.25-க்கு மறுபடி பிடித்தாலும் அப்படித்தான். யாருமே இல்லையென்றால் 8 மணி என்றே நோட்டில் எழுதட்டும். பேப்பரைப் பார்த்து எண்ணைத் திருத்த மட்டும் விடாதீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளினாலே மழை மாறும்.