ஆறு அங்குலம் தூக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற கேட்டி ஊருக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், வாங்கியிருக்கிறீர்கள். ஆபீஸில் கூட இருப்பவர்கள் வண்டியின் உடம்பைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் கிட்டை ஆறு அங்குலத்துக்குப் போட்டு 35 இஞ்ச் டயர் மாட்டச் சொல்கிறார்கள். போலீஸ் பிடிக்குமா, ஹூஸ்டன் வெள்ளத்துக்கு உதவுமா, செலவுக்குத் தகுமா என்பது கேள்வி.

போலீஸ் பிடிக்காது. வெள்ளத்துக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. தினம் ஐ-10 நெடுஞ்சாலையில் ஆபீஸ் போய் வருகிற, வாரக் கடைசியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற வண்டிக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைக் காட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்க வைப்பார்கள் என்ற பயத்தோடுதான் நாம் எல்லோரும் இங்கே வருகிறோம். டெக்சாஸில் அந்தக் கெடுபிடி கிடையாது. ஹெட்லைட் தரையிலிருந்து 24 முதல் 54 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு அங்குலம் தூக்கினாலும் உங்கள் வண்டி அதற்குள்தான் நிற்கும். வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையையும் 2025 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்து ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் போன்ற கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) புகைச் சோதனை மட்டும் மிச்சம். ஆனால் வேலை மாறி வேறு மாநிலம் போனால் அங்கே விதி வேறு. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டும் 'கரோலினா ஸ்குவாட்' கோலத்தை வட கரோலினா 2021லேயே தடை செய்துவிட்டது. அது உங்கள் திட்டம் இல்லை என்று நம்புகிறேன். அப்படி ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற சின்னக் கார் கண்ணிலேயே படாது.

இப்போது வெள்ளம். 2017 ஹார்வி புயலைப் பார்த்த யாருக்கும் உயரமான வண்டி மேல் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பின்னால் குனிந்து ஒருமுறை பாருங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கும், அதுதான் டிஃபரன்ஷியல். சஸ்பென்ஷன் லிஃப்ட் அச்சுக்கு மேலே உள்ள சேஸிஸையும் கேபினையும்தான் தூக்கும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான். உங்கள் வண்டியில் இப்போது 275/65 அளவில் 18 இஞ்ச் டயர் இருந்தால் அதன் விட்டம் சுமார் 32 அங்குலம். 35 போட்டால் அச்சு உயர்வது ஒன்றரை அங்குலம். அவ்வளவு காசு கொட்டி ஒன்றரை அங்குலம்! அப்புறம், எஞ்சின் காற்றை இழுக்கிற வாய் மேலே போய்விட்டதே என்று தெரு வெள்ளத்தில் இறங்கிவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பிக்கப்பையே அடித்துக்கொண்டு போகும். இங்கே வானிலைத் துறை வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான். வண்டி உயரமானால் ஓட்டுகிறவனுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது, எனக்குப் பயம் அதில்தான்.

உயரத்தின் தொல்லை வீட்டு வாசலிலேயே தொடங்கும். உங்கள் வண்டி இப்போது ஏறத்தாழ 77 அங்குலம். லிஃப்ட் ஆறு, டயர் ஒன்றரை, ஆக எண்பத்து நாலரை. இங்கே பெரும்பாலான வீடுகளின் கராஜ் கதவு ஏழடி, அதாவது 84. கூரை இடிக்கும். மருத்துவமனை, டவுன்டவுன் பார்க்கிங் கட்டடங்களின் வாசலில் சங்கிலியில் தொங்குகிற மஞ்சள் கம்பி பல இடங்களில் அதைவிடவும் தாழ்வு. வீட்டில் பெரியவர்கள் வந்து போவார்கள் இல்லையா? எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஆறு அங்குலம் தூக்கிய வண்டி வைத்திருக்கிறார். பியர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போனால் அவருடைய அம்மா புடவையோடு இறங்குவதற்காகப் பின் சீட்டுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாக இருக்கும். அந்த அம்மா ஒரு கையில் தேங்காய்ப் பையும் மறு கையில் கதவுப் பிடியுமாக, 'டேய், ஆடுதுடா' என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். பின்னால் இரண்டு கார் காத்து நிற்கும்.

ஓட்டும்போது தெரிகிற மாற்றங்களும் உண்டு. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 65க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றி இதைச் சரி செய்யலாம், கட்டாயம் செய்யுங்கள். கியர் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. உங்கள் அச்சு விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதைச் சுழற்றுகிற தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது, 3.55 என்றால், 35 போட்டதும் அது 3.25 மாதிரி நடந்துகொள்ளும். புறப்படும்போது மந்தம், பெட்ரோல் கூடுதல். பழைய வேகம் வேண்டுமென்றால் இரண்டு அச்சிலும் கியரை மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. டயரும் கனம் என்பதால் பிரேக்குக்கு வேலை அதிகம். ஈர்ப்பு மையம் மேலே போவதால் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் கவிழும் ஆபத்தும் கூடும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பின் தொட்டிக்கு அடியில் தொங்குகிற பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் டிஃபரன்ஷியலுக்குக் கேடு. 35 ஸ்டெப்னி அந்த இடத்தில் நுழைவது கஷ்டம்.

நீங்கள் என் சொந்தத் தம்பியாக இருந்தால் லெவலிங் கிட் போடச் சொல்வேன். பிக்கப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மேல் இரண்டு அங்குல உயர்வு தருகிற ஸ்பேசர் என்ற கட்டையை வைத்தால் மட்டமாகிவிடும். கூடவே 275/70 அளவில் 18 இஞ்ச் டயர், விட்டம் 33 அங்குலம். பழைய ரிம்மே போதும், கராஜிலும் நுழையும், பார்வைக்கும் கம்பீரமாக இருக்கும். கிட்டும் கூலியும் அலைன்மென்ட்டும் சேர்ந்தே சில நூறு டாலரில் முடியும், டயர் தனி. ஆறு அங்குலக் கிட்டும் ரிம்மும் டயரும் என்றால் பல ஆயிரம். ஒரே ஒரு விஷயம்: அடிக்கடி படகோ டிரெய்லரோ இழுப்பவராக இருந்தால் லெவலிங்கும் வேண்டாம், மூக்கு வானத்தைப் பார்க்கும்.

எதைப் போட்டாலும் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். கூடுதல் பாகங்களுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்கவில்லை என்றால், விபத்தில் அவற்றின் பணம் வராமல் போகலாம். வண்டிக்குக் கூடுதல் வாரண்டி வாங்கியிருந்து, 'லிஃப்ட் போட்டால் எல்லாமே போச்சு' என்று விற்றவர் மிரட்டினால் அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். தயாரிப்பாளர் தருகிற வாரண்டி என்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக அதை மறுக்க முடியாது, பழுது அந்தப் பாகத்தால்தான் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும்.

கடையில் வேலை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். 'சர்ர்' என்று சத்தம் வந்தால் டயர் உள் பிளாஸ்டிக்கில் உரசுகிறது, அங்கேயே வெட்டிச் சீர் செய்யச் சொல்லுங்கள். அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும். புது ரிம் என்றால், பழைய ரிம்மில் இருந்த டயர் காற்றழுத்த சென்சாரை அதற்கு மாற்றி மாட்டினார்களா என்று டேஷ்போர்டைப் பாருங்கள். 50 முதல் 100 மைல் ஓடியதும் திரும்பப் போய் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (சரியான அளவு இறுக்கம் காட்டுகிற ஸ்பேனர்) முறுக்கிக்கொண்டு வாருங்கள், பெரும்பாலும் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.