மொத்தமாக வாங்கினால் மலிவு, ஆனால் தேரை தின்ன வேண்டுமே!

கேள்வி: தேரை ஒன்று வளர்க்கிறேன். சில்லறையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று மீல்வார்ம் என்கிற வண்டுப் புழு ஆயிரமும், கூடவே ஒரு டப்பா உர மண்புழுவும் ஆன்லைனில் வரவழைத்தேன். மண்புழுவை வாயில் போட்ட வேகத்தில் துப்பிவிட்டது. மீல்வார்மில் பாதி வண்டாகிவிட்டது. விற்றவரோ "உயிரோடுதானே அனுப்பினோம்" என்கிறார். தப்பு யார் பக்கம்?

பதில்: பாதிப் பாதி. தேரைக்கு என்று சொல்லி வாங்கியிருந்தால் அந்த மண்புழுவை அவர் விற்றிருக்கவே கூடாது. எரு மக்க வைக்கிற அந்தச் சிவப்புப் புழுவைச் சீண்டினால் மஞ்சளாக ஒரு நாற்றத் திரவத்தை விடும், அறிவியல் பெயரே ஐசீனியா ஃபெட்டிடா, ஃபெட்டிடா என்றால் நாற்றம் பிடித்தது என்று அர்த்தம். நிறையத் தேரைகள் ஒரு தடவை துப்பினால் அடுத்த தடவை திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்காக மண்புழுவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், தோட்ட மண்ணில் இருக்கிற சாதாரண ரகம் மெத்தென்று இருக்கும், சத்தும் நிறைய. பெரிதாக இருந்தால் துண்டாக நறுக்கிப் போடலாம், துண்டும் கொஞ்ச நேரம் நெளியும், தேரைக்கு அது போதும். அசையாததை அது இரையாகவே மதிக்காது. முன்னால் போட்டுப் பாருங்கள்: தலையைச் சாய்த்து உற்றுப் பார்க்கும், பின்னங்கால் விரல் துடிக்கும், அப்புறம் சடக்கென்று நாக்கு. நீளமான புழுவாக இருந்தால் இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளி, கண்ணை உள்ளுக்கு இழுத்து விழுங்கும். அந்தக் கண்தான் தொண்டைக்குள் இரையைத் தள்ளிவிடுகிறது.

தூண்டில் கடைப் புழு மலிவாகக் கிடைத்தால் எதில் வைத்து வளர்த்தார்கள் என்று கேளுங்கள். பச்சைச் சாயம் ஏற்றியதை மீனுக்கே விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கிற இடத்தில் தோண்டியதும் வேண்டாம்.

மீல்வார்ம் விஷயத்தில் தப்பு உங்களுடையது. ஒரு தேரைக்கு ஆயிரமா? வளர்ந்த தேரை வாரத்துக்கு இரண்டு மூன்று வேளைதான் சாப்பிடும். வெளியே வைத்தால் புழு கூட்டுப்புழுவாகி வண்டாவது அதன் இயல்பு, ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வளர்ச்சி மட்டுப்பட்டிருக்கும். (சூப்பர்வார்ம் என்று விற்கிற பெரிய ரக வண்டுப் புழுவை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், செத்துப்போகும்.) அதோடு மீல்வார்ம் தோல் கெட்டி, கால்சியமும் குறைவு, தினப்படி இரையாக அதையே போட வேண்டாம். இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஆவதை மட்டும் வாங்குங்கள். "உயிரோடு வந்து சேரும்" என்று உத்தரவாதம் போட்டிருந்தால், செத்து வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும், வெயில் காலத்துக்கும் அது செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் ஆர்டர் போட்டால் பெட்டி கிடங்கிலேயே கிடந்து நாறும், நான் பட்டிருக்கிறேன், மூடியைத் திறந்ததும் அறையை விட்டே ஓடினேன்.

கேள்வி: இரைக்கு விற்கிற கிரிக்கெட் பூச்சியில் (சுவர்க்கோழி) பெரிய சைஸ்தான் லாபம் என்கிறார்களே?

பதில்: விற்கிறவருக்கு லாபம்! தேரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிடப் பூச்சி அகலமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வாங்கி வந்ததும் நேராகப் போட்டுவிடாதீர்கள், அது வழியெல்லாம் பட்டினி கிடந்து வந்திருக்கும், வெறும் வயிற்றுப் பூச்சியில் தேரைக்கு என்ன கிடைக்கும்? ஒரு நாளாவது கேரட், கீரை கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். ஒளிய முட்டை அட்டை வையுங்கள், தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும், ஈரப் பஞ்சு போதும். தேரை தின்னாமல் விட்டதை அன்றே எடுத்துவிடுங்கள், ராத்திரியில் பூச்சி தேரையைக் கடிக்கும்.

கேள்வி: கால்சியம் பவுடர் அவசியமா, விற்பனைத் தந்திரமா?

பதில்: அவசியம். பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, இப்படியே போனால் எலும்பு வளைந்துவிடும். சின்ன டப்பாவாக, வைட்டமின் டி3 சேர்ந்ததாக வாங்குங்கள். திறந்து வைத்தால் வைட்டமின் வீரியம் போய்விடும், அதனால் திறந்த தேதியை மூடியிலேயே எழுதுங்கள். பூச்சியைப் பையில் போட்டு ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், அது தன் உடம்பைத் துடைத்துக்கொள்வதற்குள் தேரை முன்னால் விட்டுவிட வேண்டும்.