வராத ஐந்து குழந்தைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடையநல்லூர் பக்கத்துப் பெண் நான். பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். பொதுச் சுகாதாரத் துறையை அறிமுகப்படுத்தும் நான்கு வாரக் கோடைப் பயிற்சி ஒன்று மே மாதம் நடக்கிறது, எந்தப் பட்டப்படிப்பு படிப்பவரும் சேரலாம் என்று எங்கள் துறைத்தலைவர் சொன்னார். எனக்குப் போக ஆசை. அப்பா, “டாக்டருக்கும் படிக்கல, நர்ஸுக்கும் படிக்கல, அங்க போயி என்ன செய்யப்போற, டிஎன்பிஎஸ்சி கோச்சிங்ல சேரு” என்கிறார். மருத்துவர் அல்லாதவர்களுக்கு அங்கே உண்மையிலேயே இடம் இருக்கிறதா? நான்கு வாரத்தில் என்ன தெரிந்துவிடும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போய்விட்டு வாருங்கள். கோச்சிங் ஜூனிலும் இருக்கும்.

நானும் விலங்கியல்காரன்தான். என் முதல் கோடையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை, தடுப்பூசி நாள். பதினோரு குழந்தைகள் வந்தன, எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று, நான் பதினொன்று என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன். கிராமச் சுகாதாரச் செவிலியர் அக்கா தன் பதிவேட்டைப் பிரித்து, “பதினாறு வரணும் தம்பி, அஞ்சு எங்க?” என்றார். மூன்று குழந்தைகள் செங்கல் சூளையில் இருந்தன, ஒன்று அம்மாவோடு ஊருக்குப் போயிருந்தது, ஐந்தாவது குழந்தையை, போன தடவை ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தது என்று பாட்டி விடவில்லை. மதியம் ஐஸ் வைத்த நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து சூளைக்குப் போனேன். திரும்பும்போது பாட்டி வீடு. அக்கா முக்கால் மணி நேரம் பேசினார், ஊசியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, காய்ச்சல் வந்த அந்த ராத்திரி என்ன நடந்தது என்று பாட்டியையே சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பாட்டியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்ப்பதுதான் சுகாதாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று தேடிப் போவதற்கு ஒரு துறையே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் கேள்விக்கு 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைச் சொல்லலாம். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்க வேண்டும், ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று. (தாம்பரத்தில் இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்.) நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினரை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை என்று 1959-ல் முடிவு வெளியானது, கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் மருத்துவர்கள் மட்டுமா இருந்தார்கள்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணியவர்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தவர்கள், கணக்குப் போட்ட புள்ளியியல்காரர்கள், இவர்கள் இல்லாமல் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆய்வை நடத்திய நிறுவனம் இன்றும் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது.

உங்கள் பாடத்துக்கு நேராகவே வருகிறேன். 2012 கோடையில் கடையநல்லூரில் டெங்கு வந்ததைப் பற்றி வீட்டில் கேளுங்கள், அப்போது நீங்கள் சின்னப்பிள்ளை. கொசுப்புழு தேடுவது சும்மா எட்டிப் பார்க்கிற வேலை இல்லை. ட்ரம்மின் மூடியைத் திறந்ததும் குனிந்தால் உங்கள் நிழல் பட்டுப் புழுக்கள் அடியில் இறங்கிவிடும், நீங்களும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். கொஞ்சம் நின்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வரும். தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ட்ரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும், அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். இதையெல்லாம் நீங்கள் விளக்கி முடித்ததும் அந்த வீட்டம்மா கேட்பார்: “தண்ணி ஆறு நாளைக்கு ஒருக்கா விடுதாங்க, ட்ரம்முல புடிக்காம எதுல புடிக்க?” இந்தக் கேள்விக்கு விலங்கியலில் பதில் கிடையாது. அதை ஒரு தடவையாவது நேரில் வாங்கிக்கொள்ளத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமே உண்டு, ஆனால் அதன் உயர் பதவிகள் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்குத்தான். உங்களுக்கான வழி வேறு. புதுச்சேரியில் உள்ள நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுகலை இருக்கிறது. எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுகலையைப் பல இடங்களில் மருத்துவர் அல்லாதவர்களும் படிக்கலாம். படித்து முடித்ததும் கிடைப்பவை பல ஒப்பந்த வேலைகள்தான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஊர் ஊராக அலைந்து நோயைத் தடுக்கிறவருக்கு அடுத்த வருடம் சம்பளம் உண்டா என்று தெரியாமல் இருப்பது நியாயமே இல்லை.

அப்புறம், பயிற்சி என்ற பெயரில் வருவதெல்லாம் பயிற்சி இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவித்தொகை கொடுத்து இரண்டு மாத ஆய்வு செய்யவைக்கிறது. அமெரிக்காவில் சிடிசி என்ற அரசு நோய்த் தடுப்பு அமைப்பின் நிதியில் சில பல்கலைக்கழகங்கள் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு பத்து வாரக் கோடைப் பயிற்சி நடத்தியிருக்கின்றன. ஆனால் மாணவர்களிடமே பெரிய தொகை வாங்கிக்கொண்டு, ஏசி அறையில் ஸ்லைடு போட்டுக் காட்டி, கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் சேருவதற்கு முன் போன் செய்து கேளுங்கள்: இருபது நாளில் எத்தனை நாள் களத்தில், யாரோடு அனுப்புவீர்கள், போன வீட்டுக்கே மறுபடி போவோமா? செவிலியரோடோ சுகாதார ஆய்வாளரோடோ பாதி நாட்களாவது சுற்றவிடுகிறார்கள் என்றால் சேருங்கள். பெண்பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார்களா, பயணப்படி உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். அந்த போனைப் போடும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போடுங்கள், அவருக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.