லோயர் ஆத்தோரம் சைக்கிள்ல: வாசகர் கேள்விகளும் நம்ம பதிலும்

போன இதழ்ல, பிரான்ஸ்ல ஓடுற லோயர்ங்கற ஆத்தோரமா பத்து நாள் சைக்கிள் மிதிச்சத ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு சத்தியமா நெனக்கல. ஆசிரியர் ஒரு கட்டா அனுப்பி வச்சு இந்த மாச கேள்வி பதில நீங்களே பாத்துக்கங்கன்னுட்டார். பேரு வேணாம்னு நெறய பேர் சொன்னதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

தேவகோட்டை வாசகர்: வயசு 58, ரிட்டயர் ஆயாச்சு. ஒம்போது வருசமா பழனிக்கு பாதயாத்திரை போறேன், கால்ல தெம்பு இருக்கு. ஒரு மாசத்துல பிரான்ஸ் முழுக்க சைக்கிள்ல சுத்தணும், ஆல்ப்ஸும் ஏறணும். எந்த ரூட்?

அண்ணே, அந்த "முழுக்க"வ மொதல்ல விட்டுருங்க. டிவியில டூர் டி பிரான்ஸ் பாத்துட்டு எல்லாரும் மலைக்குத்தான் ஆசப்படுறாங்க, 1903ல ஆரம்பிச்சதுலேர்ந்து அது பந்தயம், அவங்களுக்கு பின்னாடி கார்ல ஆளும் சாமானும் வருது, நமக்கு யாரு வருவா. நீங்க பாதயாத்திரை போனவரு, உங்களுக்கு சொல்லணுமா, மொத நாள் வேகமா நடந்தவன்தான் மூணாம் நாள் கொப்புளத்தோட உக்காந்திருப்பான்.

ஒரே ஒரு ஆத்த புடிச்சுக்கங்க, லோயர்தான் என் ஓட்டு. நெவேர் பக்கத்துல குஃபீங்கற ஊர்லேர்ந்து கடலோரத்து சான் ப்ரெவான் வரைக்கும் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போர்டு போட்ட சைக்கிள் பாதை, அட்லாண்டிக்லேர்ந்து கருங்கடல் வரைக்கும் போற யூரோவெலோ 6ல இது ஒரு துண்டு. நம்ம சீமை மாதிரி கிட்டத்தட்ட தட்டையான நெலம். முழுசும் வேணாம், ஆன்ழே ஊர்லேர்ந்து சொமூர், தூர் வழியா ப்ளுவா வரைக்கும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அத ஒரு வாரம் பத்து நாள் வச்சுக்கங்க. ஒண்ணு முக்கியம், அங்க காத்து பெரும்பாலும் மேக்கேருந்து அடிக்குது, அதனால கடல் பக்கத்துலேர்ந்து உள்நாட்டு பக்கமா மிதிச்சா காத்து முதுகத் தள்ளும். நான் எதிர்ப்பக்கமா போயி மூணு நாள் திட்டிக்கிட்டே மிதிச்சேன்.

நாளைக்கு 30 கிலோமீட்டர்னு கம்மியா சொல்றேன்னு கோவப்படாதீங்க, வழியில நின்னு பாக்க அவ்ளோ இருக்கு. ஷம்போர் அரண்மனைய பாத்தப்ப எனக்கு நம்ம ஊர் பெரிய வீடுங்கதான் ஞாபகம். 1519ல பிரான்சுவா ராஜா ஆரம்பிச்சது, நானூத்துச் சொச்சம் அறை, ஒருத்தர் மேல ஏற இன்னொருத்தர் கீழ இறங்க ரெண்டு பேரும் மோதிக்காத ரெட்டச் சுருள் மாடிப்படி, இவ்ளோவும் கட்டிட்டு அந்த மனுசன் தங்குனது சேத்துப் பாத்தா சில வாரம்தான். வேட்டைக்கு வர்றப்ப கட்டில் மேசையெல்லாம் கூடவே வண்டியில வருமாம், போறப்ப திரும்ப போயிரும். கல்யாணத்துக்கு மட்டும் தொறக்குற வீடு நம்மள்ட்ட எத்தன இருக்கு, அவங்கள ஏன் குத்தம் சொல்லுவானேன். ஷெனொன்சோவயும் விட்டுராதீங்க, ஷேர்ங்கற ஆத்துக்கு குறுக்க பாலம் மாதிரி நிக்கிற அரண்மனை, தண்ணி கீழயே ஓடும்.

கானாடுகாத்தான் வாசகர்: நான் வேல பாக்குற ஓட்டலுக்கு வர்ற பிரெஞ்சுக்காரங்க சைக்கிள் வாங்கிட்டு ஆத்தங்குடி டைல்ஸ் பாக்க கெளம்பிடுறாங்க, வழியில எந்த டீக்கடையும் விடுறதில்ல. அவங்க ஊர்ல கிராமத்துல இதுமாதிரி கடை இருக்குமா?

தம்பி, கேக்க வேண்டிய கேள்விய நீதான் கேட்ருக்க. இருக்காது. நம்மூர்ல ராத்திரி பத்து மணிக்கும் ஏதோ ஒரு புரோட்டா கடை எரிஞ்சுகிட்டு இருக்கும்ல, அங்க மத்தியானம் 12 மணிக்கு சாத்துனா 2 மணி வரைக்கும் பல கடை தொறக்காது, ஓட்டல்ல சாப்பாடு அந்த ரெண்டு மணி நேரத்துலதான், ரெண்டே காலுக்கு போனா அடுப்ப அணச்சிருப்பாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல கிராமமே தூங்கும், திங்கக்கெழமையும் நெறய கடை லீவு. நான் ஒரு ஞாயிறு சாயந்தரம் கையில ஒரு ஆப்பிளும் பாதி ரொட்டியுமா ஒரு ஊருக்குள்ள போயி, மாதாகோயில், அடச்ச பேக்கரி, ஒரு பூன, இத தவிர யாரும் இல்ல, கடைசில கேம்பிங்ல பக்கத்து கூடாரத்து பெரியம்மா ஒரு தட்டு நூடுல்ஸ் குடுத்தாங்க, பாசை தெரியாம ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அதுலேர்ந்து சனிக்கெழமயே திங்கள் காலை வரைக்கும் சாமான் வாங்கி வச்சுக்குவேன்.

தண்ணிக்கு ஒரு வழி சொல்றேன், வீட்ல சொன்னா அடி விழும். கிராமத்து கல்லறைத் தோட்டத்துல பூச்செடிக்கு ஊத்த குழாய் இருக்கும், சைக்கிள்காரங்க அங்கதான் பாட்டில் நெறப்புறாங்க. என் வீட்டம்மா போன்ல கேட்டுட்டு "சுடுகாட்டுத் தண்ணியையா குடிச்சீக"ன்னு ரெண்டு நாள் பேசல. "நோன் பொத்தாப்ல்"னு போர்டு இருந்தா மட்டும் குடிக்காத, அது குடிக்க லாயக்கில்லாத தண்ணி.

பள்ளத்தூர் வாசகி: சுத்த சைவம். முட்டை கூட இல்ல. பட்டினியா கெடக்கணுமா?

பட்டினி இல்ல ஆச்சி, ஆனா அலுப்பு இருக்கும். பேக்கரி ரொட்டி, தக்காளி, பழம், பருப்பு டின், இதுலயே ஓட்டணும். சாலட்னு நம்பிராதீங்க, மேல பன்னிக்கறிய பொடிசா தூவியிருப்பாங்க, கீஷ்னு ஒண்ணு வரும், அதுல முட்டையும் கறியும். சீஸ் பலதுக்கும் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற ரென்னெட்ட போட்டுத்தான் பாலைத் திரிய வைக்கிறாங்க, அத நீங்களே முடிவு பண்ணிக்கங்க. "சான் வியாந்து, சான் புவாசோன்", கறி வேணாம் மீன் வேணாம், இத ஒரு சீட்டுல எழுதி பையில வச்சுக்கங்க, முட்டைக்கு "சான் எஃப்".

இட்லிப் பொடி, தேன்குழல், சீப்புச்சீடை எடுத்துக்கங்க, மிதிச்சு முடிச்சு சாயந்தரம் ஆத்தோரம் உக்காந்து சீடைய கடிக்கிற சொகமே தனி. நெய், பால்கோவா மட்டும் வேணாம், வெளிநாட்டுக்காரங்க பால் சாமான், கறி கொண்டுவர ஐரோப்பால தடை.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: சொந்த சைக்கிள ப்ளைட்ல கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்குறதா?

வாடகைக்கு எடுப்பா. நான் சொந்த வண்டிய அட்டைப்பெட்டியில கட்டி, பெடல கழட்டி, ஹேண்டில திருப்பி, பஞ்சு சுத்தி அனுப்புனேன், எறங்கி பிரிச்சா கியர் மாத்துற டெரெய்லர மாட்டுற கொக்கி வளைஞ்சு போச்சு, மொத நாள் முழுக்க ரிப்பேர் கடையில போச்சு. லோயர் பக்கம் ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விடுற வாடகை கடைங்க இருக்கு. அப்படியும் சொந்த வண்டிதான்னா, எடது பெடல் மரை தலைகீழ்ங்கறத மறந்துராத, நம்ம ஆளுங்க கழட்டுறேன்னு இறுக்கிருவாங்க.

அந்த ஊர் வண்டியில பிரேக் மாறியிருக்கும். நமக்கு வலது கை முன் பிரேக், அவங்களுக்கு எடது கை முன் பிரேக். பழக்க தோசத்துல எடத அழுத்துனா முன்வீல் புடிச்சு தலகுப்புற போவ, கடை வாசல்லயே பத்து தடவ அமுக்கிப் பாத்துட்டு கெளம்பு. ரோட்ல வலது பக்கம் ஓட்டணும், அதனால கண்ணாடிய எடது பக்கம் மாட்டு. கோடு, போர்டு எதுவும் இல்லாத முக்குல வலது பக்கத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் முதல் உரிமை, டிராக்டர்காரன் திரும்பிக்கூட பாக்காம வந்துருவான். ஊருக்கு வெளிய இருட்டுல போனா பளபளக்கிற மேல்சட்டை கட்டாயம். உள்ளூர் ரயிலான டேஇஆர்ல பெரும்பாலும் சைக்கிளுக்கு காசு இல்ல, வேக ரயிலான டிஜிவிக்கு முன்னாடியே எடம் புக் பண்ணணும்.

கொத்தமங்கலம் வாசகர்: லோயர விட கனால் டூ மிடி அழகுன்னு சொல்றாங்களே? நான் பொதுப்பணித்துறையில இருந்தவன், அதான்.

சார், உங்களுக்குன்னா லோயர அடிச்சுட்டு இதையே சொல்லியிருப்பேன். தூலூஸ்லேர்ந்து மத்தியதரைக்கடல் பக்கத்து தோங்கற காயல் வரைக்கும் 240 கிலோமீட்டர் வெட்டுன வாய்க்கால், 1666ல ஆரம்பிச்சு 1681ல தண்ணி விட்டாங்க. வெட்டுறது பெருசில்ல, நடுவுல மேடு இருக்கே, அந்த மேட்டுல நிக்க தண்ணிக்கு எங்க போறது? அதான் எல்லாரும் கைவிட்ட கணக்கு. ரிக்கேன்னு ஒரு உப்புவரி வசூல்காரர், மலையில சின்னச் சின்ன ஓடையெல்லாம் வரத்துக்கால் வெட்டி ஒண்ணு சேத்து, சான் ஃபெரியோல்ல ஏரி கட்டி தேக்கி, நோரூஸ்ங்கற உச்சிக்கு கொண்டாந்து விட்டார், அங்கேருந்து பாதி தண்ணி ஒரு கடலுக்கு, பாதி இன்னொரு கடலுக்கு. ஊரணிக்கு மழத்தண்ணி கொண்டாற நம்ம பெரியவங்க போட்ட அதே கணக்கு, அளவுதான் வேற. நோரூஸ்ல நான் ஒரு மணி நேரம் தண்ணியவே பாத்துட்டு நின்னேன், கூட வந்தவங்க கெளம்பிட்டாங்க.

சொந்தக் காச கொட்டி கடனாளியான அந்த மனுசன் 1680ல போய் சேந்துட்டார், அடுத்த வருசம்தான் தெறப்பு.

ஆனா மிதிக்கிறதுக்குன்னு கேட்டா, தூலூஸ்லேர்ந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தார் பாதை வழவழன்னு இருக்கும், அதுக்கு மேல பல எடத்துல கல்லும் வேருமா கெடக்கு, மெல்லிசு டயர் தாங்காது. ரெண்டு கரையிலயும் நெழல் குடுத்த பிளேன் மரங்களுக்கு பூஞ்ச நோய் வந்து 2006லேர்ந்து ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க, புதுசா நட்டது இன்னும் சின்னதா இருக்கு, சில எடம் மொட்ட வெயில். பெஸியே ஊர்ல ஃபொன்செரான் மதகுங்கள பாருங்க, படகு படிக்கட்டு ஏறுற மாதிரி ஏறும்.

புதுவயல் வாசகர்: விசா, செலவு, மாசம்?

பிரான்சுக்கு வேண்டிய ஷெங்கன் விசா 90 யூரோ, 180 நாள்ல 90 நாள் வரைக்கும் தங்கலாம், 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். ஊர் நிர்வாகமே நடத்துற முனிசிபல் கேம்பிங்ல கூடாரம் போட்டா தங்குற செலவு ரொம்ப கம்மி, ஓட்டல்னா "அக்கெய் வெலோ" போர்டு பாத்து போங்க, சைக்கிள பத்திரமா வைக்க எடம் குடுப்பாங்க. மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்ட்ல நாடே லீவுல கெளம்பிரும், எடம் கெடைக்காது.

கண்டனூர் வாசகர்: இங்க எங்க பழகுறது?

சாமான் ஏத்தி பழகுங்க, வெறும் வண்டியில நூறு கிலோமீட்டர் ஓட்டி பிரயோசனம் இல்ல. பின்னாடி ரெண்டு பையில பத்து கிலோ அரிசிய போட்டு குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போய்ட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்புங்க, எங்க இடுப்பு வலிக்குது, சீட்டு எவ்ளோ ஒசரணும்னு அதுலயே தெரிஞ்சுரும். நான் மாசத்துல மூணாவது ஞாயிறு காலைல அஞ்சரைக்கு காரைக்குடி கல்லுக்கட்டியில நிப்பேன், வாங்க. உபரி டியூப் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, போன தடவ என்னோடத ஒருத்தருக்கு குடுத்துட்டு நான் ஆட்டோவுல வந்தேன்.